ரெஜிபோம் பெட்டியில் வந்த தடுப்பூசி

இவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் கண்டுகொள்ளக்கூடிய ஒருவர் ஜேர்மனியில் இருக்கிறார். அவர் கண்டுகொள்வதை நான் விரும்பவில்லை. ஊரையும் மாற்றிவிடலாமா என்று யோசித்துப் பார்த்தேன். கொட்டாஞ்சேனையை எடுத்துவிட்டால் இவரில் பாதி போய்விடும். ஆகவே ஊர் இருக்கட்டும், பெயர் வேண்டாம். நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் அழைத்தோம். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் அழைத்தார்கள். வேறு எப்படியாவது அழைத்துப் பார்க்கும் துணிவு ஒருவருக்கும் இருக்கவில்லை.

நாங்கள் என்பது வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இருந்த டயலிசிஸ் நிலையத்துக்குப் போய்வந்தவர்கள். என் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்ட பிறகு, மனைவி தன்னுடையதில் ஒன்றை எனக்குத் தரும் வரைக்கும், ஒன்றுவிட்ட ஒருநாள் அங்கே போனேன். கையில் ஊசிகளைக் குத்தி, இரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் கழுவி, திரும்பவும் உள்ளே அனுப்புவார்கள். அரை நாள் அசையாமல் கதிரையில் சாய்ந்திருக்க வேண்டும். யன்னலுக்கு வெளியே கடலும், கடலுக்கு முன்னால் புகையிரதமும் தெரியும். கொட்டாஞ்சேனையில் இடம் கிடைக்காததால் அக்கா நகரத்தைக் குறுக்கே கடந்து அவ்வளவு தூரம் வந்து போனார். அவருக்குப் பக்கத்துக் கதிரை எனக்குக் கிடைத்தது.

முதல் நாள் நான் யாரோடும் பேசவில்லை. வங்கியில் முகாமையாளராக இருந்தவன் நான். என் கையெழுத்துக்காகக் காத்திருந்த மனிதர்களைப் பார்த்துப் பழகியவனுக்கு, கையில் குழாயோடு படுத்திருப்பது அவமானமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்ன தம்பி, முகத்தை ஏன் இப்பிடி வைச்சிருக்கிறீர்?" என்றது பக்கத்துக் குரல். "உம்மை இன்னும் பெட்டிக்குள்ள வைக்கேல்லை. வைச்சாப் பிறகு இந்த முகத்தோட கிடக்கலாம். இப்ப கொஞ்சம் நல்லா வைச்சிரும், பாக்கிற எங்களுக்கும் மனுசத்தனமா இருக்கும்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் அந்தப் பெண்ணைப் பற்றித் திட்டினேன். நாகரிகம் தெரியாத பிறவி என்றேன். அவள் கேட்டுக்கொண்டே சோறு போட்டாள்; நான் திட்டிக்கொண்டே சாப்பிட்டு முடித்தேன். நோய் வந்த பிறகு நான் அவ்வளவு கதைத்ததும் அன்றுதான், அவ்வளவு சாப்பிட்டதும் அன்றுதான் என்று அவள் பிறகு சொன்னாள். அடுத்த முறை போனபோது அக்காவிடம் சொல்வதற்குச் சில வசனங்களைத் தயார் செய்துகொண்டு போனேன். அவர் அதைத்தான் எதிர்பார்த்திருந்தார் போல, நான் வாயைத் திறந்ததும் சிரித்துவிட்டார்.

சீண்டுவதுதான் அவருடைய குணம். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் ரெலிபோன் ஒப்பரேற்றராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். பெரிய அதிகாரிகளைக்கூட லைனில் காக்க வைத்துவிட்டு, "சேர், கோபப்படாதேங்கோ, கோபத்தில உங்கட குரல் நல்லா இல்லை" என்று சொல்வாராம். அந்தக் குரல் அவரிடம் அப்படியே இருந்தது. ஒரு நாள் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் கதிரையில் இருந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். நாங்கள் எல்லோரும் பார்க்காதது போல இருந்தோம். அக்கா மட்டும், "டீச்சர், அழுறதெண்டா நல்லாச் சத்தம் வைச்சு அழுங்கோ, எங்களுக்கும் பொழுது போகும்" என்றார். ஆசிரியை திரும்பி முறைத்துப் பார்த்தார். பிறகு தன் மருமகளைப் பற்றி ஒரு கதையைத் தொடங்கினார். அந்தக் கதை பல வாரங்களுக்கு ஓடியது.

எல்லோரிடமும் இது பலித்தது என்று சொல்லமாட்டேன். நடுத்தர வயதுக்காரர் ஒருவர், நல்ல அமைதியான மனிதர், அக்காவின் வாய்க்குப் பயந்து வேறு இடத்துக்கு மாறிப் போனார். அவர் போன செய்தியைத் தாதி சொன்னபோது, "சில பேருக்கு உறைப்பு ஒத்துவராது" என்றார் அக்கா. சொல்லிவிட்டு அன்று முழுவதும் யன்னல் பக்கம் திரும்பியே இருந்தார். அவரோடு பழகுவதில் இப்படி ஒரு சங்கடமும் இருந்தது. அந்த வாய் யாரை எழுப்பும், யாரை விரட்டும் என்று அவருக்கே தெரியாது.

எங்கள் மண்டபத்தின் ஓரத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அறை இருந்தது. ஹெபடைடிஸ் பி என்ற கிருமி உள்ளவர்களுக்கான தனி இயந்திரம் அதற்குள்தான். ஈரலைத் தாக்கும் கிருமி அது. மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் அதை ஊரில் செங்கமாரி என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். இரத்தத்தால் பரவுவது என்பதால், எல்லோருடைய இரத்தமும் குழாய்களில் ஓடுகிற அந்த மாதிரி இடத்தில் அதற்குப் பயம் அதிகம். எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பயம் பயம்தான். மாளிகாவத்தையைச் சேர்ந்த ஒரு ஹாஜியார் அந்த அறையில் தனியாக இருப்பார். அக்கா வரும்போதெல்லாம் மோதிர விரலால் கண்ணாடியில் தட்டி, "ஹாஜியார், இருக்கிறீங்களோ, போயிட்டீங்களோ?" என்று கேட்பார். ஹாஜியார் கையைத் தூக்கிக் காட்டுவார். அவருடைய முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

"தம்பி, எனக்குச் சாவுக்குப் பயமில்லை," என்று ஒருமுறை சொன்னார். "அந்த அறைக்குத்தான் பயம். அதுக்குள்ள என்னைப் போட்டா நான் ஆரோட கொழுவுறது? சுவரோடயோ?"

அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த அறைக்குப் போகாமல் இருப்பதற்கு வழி தடுப்பூசிதான். எங்கள் எல்லோருக்கும் போட்டார்கள். பிறகு இரத்தத்தைச் சோதித்து, உடம்பில் எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று பார்த்தார்கள். சிறுநீரக நோயாளிகளின் உடம்பு சோர்ந்த உடம்பு, பலருக்குத் தடுப்பூசி சரியாக வேலை செய்யாது. எனக்கு ஒருவாறு வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை. திரும்பவும் முழுத் தவணையும் போட்டார்கள். அப்போதும் வரவில்லை.

"உமக்கு வந்திட்டுது, எனக்கு வரேல்லை," என்றார் என்னைப் பார்த்து. "கிருமி எதிர்ப்புக்கும் மனேச்சர்மாரைத்தான் பிடிக்கும் போல."

எங்கள் வைத்தியர் கொம்பனித்தெருவைச் சேர்ந்த ஒரு பெண். சின்ன வயது, ஆனால் பொறுமைசாலி. அக்காவின் சீண்டலுக்குச் சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார். ஒரு நாள் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஆன்ட்டி, நாங்க இவ்வளவு நாளும் போட்ட ஊசியில வைரஸ்ட மேல் பக்கத்துத் துண்டு ஒண்டு மட்டும்தான் இருக்கு. அதுக்கு உசிரில்ல. உங்கட உடம்பு அதைப் பார்க்குது, ஆனா ஆபத்து எண்டு நினைக்கிறல்ல. பார்த்திட்டுச் சும்மா விட்டிருது."

"மரியாதையா வாற ஆளை ஆர் கவனிக்கினம்?" என்றார் அக்கா.

"அதேதான். இப்ப வெளிநாட்டில வேற ஒரு ஊசி இருக்கு. அதே துண்டுதான், ஆனா அதோட டிஎன்ஏ துண்டுகளும் சேர்த்திருக்காங்க. டிஎன்ஏ எண்டா உசிருள்ள எல்லாத்துக்குள்ளயும் இருக்கிற எழுத்து. பக்டீரியாட எழுத்துக்கு ஒரு தனி மாதிரி இருக்கு, எங்கடத விட வித்தியாசம். அந்த மாதிரியே லெப்ல சின்னச் சின்னத் துண்டுகள் செஞ்சு ஊசியில போட்டிருக்காங்க. உங்கட உடம்புக்கு அந்த எழுத்து நல்லாத் தெரியும். கண்ட உடனே பக்டீரியா வந்திட்டுது எண்டு பதறி எழும்பும். எழும்பினாப் பிறகு, பக்கத்தில இருக்கிற வைரஸ் துண்டையும் பார்த்து ஞாபகம் வச்சுக்கொள்ளும்."

"உண்மையா பக்டீரியா வாறேல்லையோ?"

"இல்ல ஆன்ட்டி. வந்த மாதிரி ஒரு சத்தம் மட்டும்தான். பழைய ஊசிக்கு எழும்பாத எத்தனையோ பேர்ட உடம்பு இதுக்கு எழும்பியிருக்கு. உங்களுக்கும் எழும்பும் எண்டு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா பார்க்கலாம்."

அக்கா என் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினார். "கேட்டீரோ தம்பி? எனக்குப் போடப் போறது என்னைப் போல ஒரு ஆளைத்தான்." பிறகு வைத்தியரிடம் கேட்டார். "டொக்டர், அந்தச் சத்தத்தின்ர அளவு கூடினா?"

"கூடக் கூடாது. காய்ச்சல், நோவு எல்லாம் வரும். ரொம்பக் கூடினா உடம்பு தன்னையே அடிக்கத் தொடங்கும் எண்டு ஒரு பயம் இருக்கு. அதனாலதான் அளந்து வச்சிருக்காங்க."

அன்று புறப்படும்போதுதான் அக்கா தன் மகனைப் பற்றி முதன்முறையாகச் சொன்னார்.

ஒரே மகன். படிப்பில் மந்தம். தகப்பன் இல்லாத பிள்ளை சோர்ந்து போய்விடக் கூடாது என்று இவர் தினமும் உசுப்பிக்கொண்டிருந்தார். "உனக்கு ஒண்டும் ஒழுங்காச் செய்யத் தெரியாது." காலையில் சப்பாத்துக் கட்டும்போதும் அதுதான், பரீட்சை முடிவு வந்தபோதும் அதுதான், முதல் வேலை போனபோதும் அதுதான். கோபம் வந்து எழும்புவான் என்று நினைத்தாராம்.

"எழும்பினான் தம்பி," என்றார். "எழும்பி ஜேர்மனிக்குப் போயிற்றான். வருசத்தில ஒருக்கா, நத்தாருக்கு மட்டும் போன் எடுத்து, அம்மா சுகமோ எண்டு கேப்பான். சுகம் எண்டு சொன்னா வைச்சிடுவான்."

புது ஊசி இலங்கையில் கிடைக்காது. ஜேர்மனியில் கிடைக்கும். வைத்தியர் வேண்டிய கடிதங்களை எழுதித் தருகிறேன் என்றார். மகனிடம் கேட்க வேண்டியதுதான் பாக்கி. அரை ஆயுள் ரெலிபோனில் இருந்த மனுஷிக்கு அந்த ஓர் அழைப்பை எடுக்க முடியவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்றார். கடைசியில் நான்தான் அவருடைய கைத்தொலைபேசியை வாங்கி, எண்ணை அழுத்தி, மணி அடிக்கத் தொடங்கியதும் அவருடைய காதில் வைத்தேன்.

"நான் அம்மா. எனக்கு ஒரு மருந்து வேணும்." அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பக்கம் என்ன சொன்னது என்று எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மருந்தின்ர பேரைச் சொல்லுங்கோ, எழுதுறன் எண்டுறான்," என்றார்.

மகன் மருந்தை யாரிடமும் கொடுத்து அனுப்பவில்லை. தானே கொண்டு வந்தான்.

இந்த இடத்தில் எங்கள் சனத்தின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து வெளிநாட்டுக்குப் போகிறவர்களின் பயணப் பெட்டிக்குள் மீன் போகாமல் இருக்காது. அறக்குளாவை வெட்டி, கழுவி, குளிர்ப்பெட்டியில் கல்லுப் போல உறைய வைத்து, பத்திரிகைத் தாளிலும் பொலித்தீனிலும் சுற்றி, ரெஜிபோம் என்கிற வெள்ளைத் தெர்மோகோல் பெட்டிக்குள் ஐஸ் கட்டிகளோடு அடைத்து, சுற்றிவர ரேப் ஒட்டிவிட்டால், இலண்டனில் போய்த் திறந்தாலும் கல்லு கல்லாகவே இருக்கும். இதில் அக்கா கைதேர்ந்தவர். கொட்டாஞ்சேனையில் அவருடைய ஒழுங்கையில் யார் வெளிநாடு போனாலும் பெட்டி கட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் ரேப் பிடித்துக் கொடுத்தது மகன். கெட்டுப் போகக் கூடாத பொருளை எப்படிக் கொண்டு போவது என்பதை அவன் தாயிடம் பார்த்துத்தான் படித்தான்.

ஜேர்மனியில் மருந்துக் கடைக்காரர் ஊசிகளைக் குளிர்ப் பொதி ஒன்றோடு பையில் போட்டுக் கொடுத்து, குளிரில் வைத்திருக்கும்படி சொல்லியிருக்கிறார். அவ்வளவு தூரப் பயணத்துக்கு அது போதாது என்று மகன் நினைத்தான். அம்மாவுக்கான மருந்து அல்லவா. வீட்டுக் குளிர்ப்பெட்டியின் மேல் தட்டில் வைத்து உறைய வைத்தான். ரெஜிபோம் பெட்டி வாங்கினான். தாய் சுற்றுவது போலச் சுற்றி, ஐஸ் கட்டிகளை அடைத்து, ரேப் ஒட்டினான். கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் மேல் தட்டில், தாய் வாங்கி வைத்திருந்த மீனுக்குப் பக்கத்தில் வைத்தான். மறுநாள் காலையில் பெட்டியோடு தாயையும் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தான்.

மண்டபத்துக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். பெட்டியை வாசலில் தாதியிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடிக்கு அப்பால் நின்று என்னைப் பார்த்துத் தலையாட்டினான். நாற்பது வயது மதிக்கலாம். தலைமுடி கொட்டியிருந்தது. முகத்தில் மட்டும், பரிசு வாங்கப் போகும் பிள்ளையின் சந்தோஷம். பிறகு தேநீர் குடிக்கக் கீழே இறங்கிப் போனான்.

வைத்தியர் ரேப்பை வெட்டி, பத்திரிகைத் தாளைப் பிரித்து, ஓர் ஊசியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சாய்த்துப் பார்த்தார். உள்ளே இருந்தது அசையவில்லை. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே. எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

"ஆன்ட்டி, இது உறைஞ்சிட்டுது."

"கொஞ்ச நேரம் வெளியில வைச்சா இளகும்தானே?"

"இளகும். ஆனா வேலை செய்யுமா எண்டு யாராலயும் சொல்ல ஏலாது. உறைஞ்சா பாவிக்க வேணாம் எண்டுதான் பெட்டியிலயே போட்டிருக்கு. நான் போட மாட்டேன்." ஊசிகளைத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்தார். "மகன்கிட்ட சொல்லுவோம். திரும்ப ஒருக்கா எடுத்து அனுப்பட்டும். குளிர் இருந்தாப் போதும், உறையக் கூடாது, அவ்வளவுதான்."

"அவனுக்குச் சொல்லக் கூடாது."

வைத்தியர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"டொக்டர், இது என்ர உடம்பு. அவன் என்ர பிள்ளை. நான் சொல்லாம நீங்கள் சொல்லக் கூடாது."

"நான் சொல்ல மாட்டேன். ஆனா அவர் கேட்டா நான் பொய்யும் சொல்ல மாட்டேன் ஆன்ட்டி."

"கேக்காமப் பாத்துக் கொள்ளுறன்."

வைத்தியர் எழுந்து போனார். நான் பொறுக்க முடியாமல், "அக்கா, ஒரு வசனம்தானே. தவறிப் போச்சு தம்பி, இன்னொருக்கா அனுப்பு எண்டு சொல்லுங்கோவன்," என்றேன்.

"என்ன வசனம் தம்பி? நீ ஒழுங்காக் கொண்டு வரேல்லை எண்டோ?" அவர் என்னைப் பார்க்கவில்லை. யன்னலுக்கு வெளியே எங்கேயோ பார்த்தார். "அதை நான் அவன் பிறந்த நாளில இருந்து சொல்லிப் போட்டன். இனிச் சொல்ல மாட்டன்."

பிறகு தாதியைக் கூப்பிட்டு, மேல் கையில் ஒரு பஞ்சுத் துண்டை வைத்து பிளாஸ்ரர் ஒட்டச் சொன்னார். தாதி சிங்களப் பெண். நடந்ததெல்லாம் அவளுக்கு விளங்கியிருந்தது. "அனே அம்மே, மேக்க ஹரி நே," என்றாள். இது சரியில்லை அம்மா என்று. சொல்லிக்கொண்டே ஒட்டிவிட்டாள். அவளுடைய கண்களும் கலங்கியிருந்தன. இரத்தம் கழுவி முடிந்து அக்கா வெளியே போனபோது மகன் ஓடி வந்து அந்தப் பிளாஸ்ரரைத் தொட்டுப் பார்த்தான்.

"நொந்துதோ அம்மா?"

"இல்லையடா. நல்ல ஊசி."

அவன் திரும்பிப் போய்விட்டான். ஆனால் அதற்குப் பிறகு அவனுடைய அழைப்புகள் வரத் தொடங்கின. அடுத்த தவணை எப்போது என்று அவனுக்குத் தெரியும். அந்த நாளில் எடுத்து, போட்டாச்சோ என்று கேட்பான். போட்டாச்சு என்பார். காய்ச்சல் இருக்கோ என்பான். லேசா இருக்கு என்பார். பிறகு தவணை இல்லாத நாட்களிலும் எடுக்கத் தொடங்கினான். என்ன சமைத்தான், அங்கே என்ன குளிர், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று எல்லாம் சொன்னான். பேரப்பிள்ளைகளைப் பற்றி அக்கா விவரமாகக் கேள்விப்பட்டதே அப்போதுதான். அவர் கதைத்து முடித்துவிட்டு என்னைப் பார்க்கும் பார்வையில், இப்ப என்ன சொல்லுறீர் என்ற கேள்வி இருக்கும். எனக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை, கோபப்படவும் முடியவில்லை. பொய்யில் ஓடிய கதை என்றாலும், தாயும் பிள்ளையும் கதைத்தார்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. இலண்டனில் இருக்கும் என் தங்கையிடம் அதே ஊசியை எடுத்து அனுப்பக் கேட்டேன். அக்கா மறுப்புச் சொல்லவில்லை. "உம்மட தங்கச்சியிட்ட நல்லாச் சொல்லும், மீன் கட்டுற மாதிரிக் கட்ட வேண்டாம் எண்டு," என்றார். வைத்தியர் கடிதம் எழுதித் தந்தார். அங்கே வைத்தியரைப் பிடிப்பதிலும், கொண்டுவர ஆள் தேடுவதிலும் காலம் போனது. இதற்கிடையில் மாளிகாவத்தை ஹாஜியார் மௌத்தாகிவிட்டார். கண்ணாடி அறை காலியாகக் கிடந்தது. அக்கா அதைக் கடந்து வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மருந்தோடு வர ஒருவர் கிடைத்துவிட்டார் என்று தங்கை சொன்ன அந்த வாரத்தில்தான், வழக்கமாக எடுக்கும் இரத்தச் சோதனையில் அக்காவுக்குக் கிருமி இருப்பதாக முடிவு வந்தது. எங்கேயிருந்து வந்தது என்று சரியாகத் தெரியவில்லை. இடையில் ஒருமுறை வேறு வைத்தியசாலையில் இரத்தம் ஏற்றியிருந்தார்கள். அதுவாக இருக்கலாம் என்றார்கள். நான் வைத்தியரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இனி அந்த ஊசி வந்தும் பயனில்லை.

அக்கா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. தன் கைப்பையை எடுத்தார், போர்வையை எடுத்தார், ஒவ்வொரு கதிரையாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். யாரையும் சீண்டவில்லை. அதுதான் எங்களுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. ஆசிரியை இந்த முறை சத்தமாகவே அழுதார். தாதி கண்ணாடிக் கதவைத் திறந்து விட்டாள். அக்கா உள்ளே போய் உட்கார்ந்ததும், அவருடைய குரல் இல்லாத மண்டபம் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரிந்தது.

அன்று மகன் போன் எடுத்தபோது, எனக்கு ஊசி குத்துவதற்கு முன் நான் கழிவறைக்குப் போய்விட்டு அந்த வழியால் வந்துகொண்டிருந்தேன். கதவு கொஞ்சம் திறந்திருந்தது.

"இல்லையடா, மருந்தில ஒரு பிழையும் இல்லை," என்று சொல்லிக்கொண்டிருந்தார். "டொக்டர் முதலே சொன்னவ, எல்லாருக்கும் பிடிக்குமெண்டு இல்லையாம். என்ர உடம்புதான் சொல்வழி கேளாத உடம்பு. நீ என்னடா செய்வாய்? நீ ஒழுங்காத்தான் கொண்டு வந்தனி."

நான் என் கதிரைக்குப் போய் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டேன்.

அடுத்த விடுமுறைக்கு மகன் வந்தான். தனக்கு எப்போதோ தடுப்பூசி போட்டு எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று சோதித்துக் காட்டியதால், வைத்தியர் அவனைக் கண்ணாடி அறைக்குள் இருக்க விட்டார். அக்கா மண்டபத்தில் இருந்தவரை அவனுக்கு உள்ளே வர அனுமதி இருக்கவில்லை. தனி அறை என்றபடியால் இருந்தது. அந்த நாட்களில் அக்கா தனியாக இருக்கவில்லை. உள்ளே என்ன கதைத்தார்கள் என்று எங்களுக்குக் கேட்காது. அக்கா விரலை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்வார். அவன் தலையைக் குனிந்து சிரிப்பான். பழைய சீண்டலாகத்தான் இருக்க வேண்டும். அளவு அறிந்து சீண்டினாரோ என்னவோ, அவன் எழுந்து போகவில்லை.

அவன் திரும்பிப் போன பிறகு அக்கா அதிக காலம் இருக்கவில்லை. கிருமி அவரைக் கொல்லவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு இதயம்தான் முதலில் களைக்கும். ஒரு காலையில் கொட்டாஞ்சேனை வீட்டில், கதிரையில் இருந்தபடியே போய்விட்டார்.

உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்கு நாங்கள் முடிந்தவர்கள் எல்லோரும் போனோம். ஆசிரியை மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். வைத்தியரும் தாதியும் வந்து பின்வரிசையில் இருந்தார்கள். பெட்டிக்குள் கிடந்த முகத்தை என்னால் நீண்ட நேரம் பார்க்க முடியவில்லை. வாய் மூடியிருந்த அந்த முகத்தை எனக்குப் பழக்கமில்லை. வெளியே வந்து படியில் நின்றேன். மகன் பின்னால் வந்தான். இரண்டு கைகளிலும் சோடாப் போத்தல்கள். ஒன்றை என்னிடம் நீட்டினான்.

"அண்ணை, உங்களிட்ட ஒண்டு கேக்க வேணும்."

"கேளும் தம்பி."

"அம்மா என்னை ஒரு நாளும் நல்லதாச் சொன்னதில்லை. உங்களுக்குத் தெரியும்தானே, அவவின்ர வாய். அந்த மருந்து விஷயத்தில மட்டும், நீ ஒழுங்காத்தான் கொண்டு வந்தனி எண்டு சொன்னா. ஒருக்கா இல்லை, கனதரம் சொன்னா." அவன் போத்தலைக் கைமாற்றிப் பிடித்தான். "என்ர மனசு நோகும் எண்டு சொன்னவவோ, இல்லாட்டி உண்மைதானோ எண்டு எனக்குத் தெரியேல்லை. டொக்டரிட்டக் கேக்கப் பயமாயிருக்கு. நீங்கள்தானே பக்கத்தில இருந்தனீங்கள்."

உள்ளே செபம் தொடங்கிவிட்டது. எல்லோரும் எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒழுங்காத்தான் கொண்டு வந்தனீர் தம்பி," என்றேன். "டொக்டர் பெட்டியைத் திறக்கேக்க நான் பக்கத்துக் கதிரையில இருந்து பாத்தனான்."